மூன்றாம் வகுப்பு ஜன்னல்

1893-இல் தென்னாப்பிரிக்காவில், முதல் வகுப்பு டிக்கெட் இருந்தும் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1915-இல் இந்தியா திரும்பியவர், மக்களோட கஷ்டம் தெரியணும்னு மூன்றாம் வகுப்பிலேயே ஏறினார்.

1933 நவம்பரில் தீண்டாமைக்கு எதிராகக் கிளம்பினார். ரயில், கார், நடைன்னு ஒன்பது மாதத்தில் சுமார் 20,000 கிலோமீட்டர்! ரயில் நிற்கிற சில நிமிஷத்திலும் பிரச்சாரம். கையை நீட்டி ஹரிஜன நிதிக்குக் காசு கேட்பார். கையெழுத்துக்கு 5 ரூபாய். பெண்கள் நகையையே கழற்றிக் கொடுத்தார்கள்.

கோயில் கதவு எல்லாருக்கும் திறக்கணும்னு சொன்னதற்காகக் கறுப்புக்கொடியும் காட்டினார்கள். 1934 ஜூனில் புனாவில் குண்டே வீசினார்கள். பயணம் நிற்கவில்லை.

நண்பர்களே, நம்ம பினாங்கு கோயில் வாசலில் யாரும் தயங்கி நிற்காமல் பார்த்துக்கொள்வது இனி நம்ம வேலை.