முடி சூடாத மன்னர் ஆலிவர் கிராம்வெல்

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். அங்கே கெடிலம் ஆற்றோரம் சிதைந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும், இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு மனிதருக்கும் தொடர்பு உண்டு. அவர்தான் ஆலிவர் கிராம்வெல்.

1599-ல் இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா இறந்ததும் கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்துவிட்டார். 1642-ல் மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது அவருக்கு வயது 43. போர்ப் பயிற்சியே கிடையாது. ஆனாலும் குதிரைப்படை திரட்டினார். எந்தக் குலத்தில் பிறந்தான் என்று பார்க்காமல் திறமையைப் பார்த்துத்தான் பதவி கொடுத்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போனது. 1645-ல் நேஸ்பி போரில் மன்னர் படை நொறுங்கியது. 1649 ஜனவரி 30-ல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட 59 பேரில் கிராம்வெல் மூன்றாவது ஆள். இங்கிலாந்து குடியரசானது!

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கைதட்டி முடித்திருப்பேன். அதே வருஷம் அயர்லாந்துக்குப் படையோடு போனார். திரோகெடா நகரில் சரணடைந்தவர்களையும் பாதிரிமார்களையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள். பிறகு ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பிடுங்கி, சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கியாகக் கொடுத்தார்கள்.

1653-ல் பாராளுமன்றத்தையே சிப்பாய்களை வைத்துக் கலைத்துவிட்டு, காப்பாளர் என்ற பட்டத்தோடு நாட்டை ஆண்டார். சேவல் சண்டைக்குக்கூடத் தடை போட்டார். நம்ம ஊர் பொங்கலைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! 1657-ல் மன்னர் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றார். ஆனால் செங்கோல் பிடித்து, முடிசூட்டு நாற்காலியில் உட்காரத் தயங்கவில்லை.

நம்ம கதை இங்கேதான் வருகிறது. அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பயணத்துக்கோ சில வருஷங்களுக்கோ மட்டும் பணம் திரட்டும், லாபத்தைப் பிரித்துக்கொள்ளும். 1657-ல் கிராம்வெல் கொடுத்த சாசனம் கலையாத நிலையான முதலுக்கு வழி செய்தது. 1658-ல் அவர் இறந்தார். 1660-ல் மன்னராட்சி திரும்பியது. ஆனால் அந்த முதல் ஏற்பாடு மட்டும் அப்படியே தொடர்ந்தது.

அந்தக் கம்பெனிதான் 1690-ல் நம்ம கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எல்லாம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடிக்குப் பெயர் வந்ததே அப்படித்தான் என்று சொல்வார்கள். எங்க குடும்பம் கூலிக்கு நாற்று நடும் வயலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அன்றைக்கு அங்கே உழுதுகொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1781-ல் கம்பெனிப் படை ஹைதர் அலி ஆட்களிடமிருந்து சிதம்பரம் கோயிலைப் பிடிக்க வந்து தோற்றுத் திரும்பியது. ஆனால் அடுத்த மாதமே பரங்கிப்பேட்டையில் ஜெயித்துவிட்டது.

1661-ல் கிராம்வெல்லின் பிணத்தைத் தோண்டித் தூக்கில் போட்டு, தலையைக் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். பல கை மாறிய அந்தத் தலை 1960-ல்தான், அவர் பாதியில் விட்டுப்போன அதே கேம்பிரிட்ஜ் கல்லூரியில் புதைக்கப்பட்டது.