பிளேர் அளந்த துறைமுகம்

எங்கள் ஹேடோவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சாத்தம் தீவு. அங்கேதான் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789-இல் முதற் குடியேற்றத்தை நிறுவினார். பம்பாய்க் கடற்படையினர் அவர். கலங்கரை விளக்கமே இல்லாத இக்கரையை ஈயக்குண்டுக் கயிற்றால் ஆழம் பார்த்துப் படமாக்கியவர்.

1792-இல் மேலிடத்து ஆணைப்படி குடியேற்றம் வட அந்தமானுக்குப் பெயர்ந்தது. போர்க்கப்பலுக்கு ஏற்ற துறையா என்று பார்த்தார்களேயன்றி, மனிதனுக்கு ஏற்ற மண்ணா என்று பார்த்தாரில்லை! மழையின் போக்கறியக் கணக்கேது? சென்னைக்கே 1813 முதல்தான் மழைப் பதிவு உண்டு. நோய் பலரை மாய்த்தது, 1796-இல் கைவிட்டனர். பிளேரின் முதல் தேர்வே சரியென்பது என் எண்ணம். 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளோடு அத்துறைக்கே திரும்பி, அவர் பெயரையே இட்டனர். 2024-இல் அது ஸ்ரீ விஜயபுரமாயிற்று.