மலைப் பெரணிகளைத் தேடியவர்

மழைக்காலம் தொடங்கியதும் கொல்கத்தாவின் பழைய கட்டடங்களின் செங்கல் இடுக்குகளில் ஒரு சிறு செடி தலைகாட்டும். அதன் இலை ஏணிபோல் இருபுறமும் பிரிந்திருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஓரங்களில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தென்படும். இச்செடி பூப்பதில்லை, காய்ப்பதுமில்லை. அப்பழுப்புக் கோட்டில் உள்ள நுண்ணிய தூள்களாலேயே தன் இனத்தைப் பெருக்குகிறது. இதுவே பெரணி வகையைச் சேர்ந்த செடியாகும். வங்காள மக்கள் கீரையாகச் சமைத்து உண்ணும் டேக்கி சாக் என்பதும் ஒரு பெரணியின் சுருண்ட இளந்தளிரே.

பூவும் காயும் இல்லாத காரணத்தால் பெரணிகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கொல்கத்தாவிலிருந்து புறப்பட்டு மலை கடந்து சென்ற ஒருவர் அவற்றையும் தேடித் திரட்டினார். அவரே நத்தானியேல் வாலிச்.

வாலிச் 1786ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் யூத வணிகர் குடும்பத்தில் பிறந்தார். அறுவை மருத்துவம் பயின்றார். அங்கேயே தாவரவியலிலும் ஆர்வம் கொண்டார். அக்காலத்தில் டேனியர்களுக்கு இந்தியாவில் தமிழகத்தின் தரங்கம்பாடியும், வங்காளத்தின் செராம்பூரும் உரியனவாக இருந்தன. செராம்பூர்க் குடியிருப்பின் மருத்துவராக வாலிச் 1807ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே ஆங்கிலேயர் அவ்வூரைக் கைப்பற்றினர். இளம் மருத்துவர் போர்க் கைதியானார்.

அவரைச் சிறையிலிருந்து மீட்டது அவருடைய தாவர அறிவேயாகும். ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், சிப்பூரில், 1787ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தாவரவியல் தோட்டத்திற்கு அப்போது வில்லியம் ராக்ஸ்பர்க் தலைவராக இருந்தார். இந்த ராக்ஸ்பர்க் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய நாளில், தரங்கம்பாடி மருத்துவர் கோனிக் என்பவரின் நட்பால் தாவர ஆய்வில் ஊக்கம் பெற்றவர். தரங்கம்பாடியில் ஏற்றிய விளக்கு சிப்பூரிலும் ஒளிவீசியது எனலாம். ராக்ஸ்பர்க்கின் முயற்சியால் வாலிச் விடுதலை பெற்று, அவருக்கு உதவியாளரானார்.

1814ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வாலிச் ஆசியக் கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். கழகம் ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்றும், தம்மிடமுள்ள பொருள்களில் சிலவற்றைத் தாமே வழங்குவதாகவும், ஊதியமின்றி அதனைக் கவனித்துக்கொள்வதாகவும் அதில் தெரிவித்தார். கழகம் இசைந்தது. இன்று சௌரங்கிச் சாலையில் நாம் காணும் இந்திய அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுவே. 1817ஆம் ஆண்டு முதல் சிப்பூர்த் தோட்டத்தின் நிலையான தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார்.

அந்நாளில் நேபாளத்தின் தாவரங்களை அறிவியல் உலகம் மிகக் குறைவாகவே அறிந்திருந்தது. 1816ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின் காட்மாண்டுவில் ஆங்கிலேயப் பிரதிநிதி ஒருவர் தங்கலானார். அவர் அனுப்பிய செடிகளைக் கண்ட வாலிச்சுக்கு அந்நாட்டை நேரில் காணும் விருப்பம் வலுத்தது. 1820ஆம் ஆண்டின் இறுதியில் அவர் புறப்பட்டார். மலையடிவாரத்தில் தராய் எனப்படும் சதுப்புக் காடு கிடந்தது. வெயிற்காலத்திலும் மழைக்காலத்திலும் அங்குக் கொடிய காய்ச்சல் பரவும். பயணிகள் குளிர்காலத்தில் மட்டுமே அதனைக் கடப்பர். எனவே ஒரு குளிர்காலத்தில் உள்ளே சென்றவர் மறு குளிர்காலம் வரை திரும்புவது அரிது. ஏறத்தாழ ஓராண்டுக்காலம் வாலிச் மலை நாட்டிலேயே தங்கினார்.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள சிவபுரி, சந்திரகிரி முதலிய மலைகளில் பெரணிகள் செழித்து வளரும். ஈரப் பாறைகளிலும், மரக்கிளைகளின் பாசிப் படலத்திலும், ஓடைக் கரைகளிலும் வெவ்வேறு இனங்கள் வாழும். பெரணியை ஆய்வுக்குச் சேகரிப்பது எளிய செயலன்று. இலை மட்டும் போதாது; வேர்த்தண்டும் வேண்டும். இலையின் அடிப்புறத்தில் தூள் முதிர்ந்திருக்கவும் வேண்டும். அத்தூள் அமைந்திருக்கும் முறையைக் கொண்டே இனத்தைத் தெளிவாக அறிய இயலும். பெரணிகள் தழைத்து நிற்கும் காலமோ மழைக்காலம். அப்பொழுது அவற்றை அழுத்தி உலர்த்தும் தாள்களும் ஈரமேறிவிடும். தாளை அடிக்கடி மாற்றாவிடில் செடி பூசணம் பிடித்துக் கெடும்.

மற்றொரு தடையும் இருந்தது. பள்ளத்தாக்கிற்கு அப்பாலுள்ள உயர்ந்த மலைகளுக்குச் செல்ல அயல்நாட்டவரான வாலிச்சுக்கு இசைவில்லை. ஆனால், கோசாயின்தான் எனப்படும் பனிமலை ஏரிக்கு ஆண்டுதோறும் யாத்திரிகர் சென்று நீராடித் திரும்புவது வழக்கம். அவர்கள் வாயிலாக வாலிச் அம்மலைச் செடிகளைப் பெற்றார். அவருடைய பட்டியலில் பல செடிகளின் அருகே கோசாயின்தான் என்னும் இடப்பெயர் காணப்படுகிறது. அவற்றைப் பனியிலும் மழையிலும் சுமந்துவந்த யாத்திரிகரின் பெயர்கள் இல்லை. வாலிச்சின் புகழில் அவர்களுக்கும் பங்குண்டு.

பயணத்திற்குப் பின் வாலிச்சின் உடல்நலம் குன்றியது. ஓய்வு நாடி 1822ஆம் ஆண்டு பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்றார். அங்கும் அவர் வாளாவிருக்கவில்லை. சிங்கப்பூரின் முதல் தாவரவியல் தோட்டம் அமைய ராஃபிள்சுக்குத் துணைநின்றார். பின்னர் 1826ஆம் ஆண்டு பர்மாவிற்குச் சென்று, மேலும் பல செடிகளுடன் மீண்டார்.

இப்போது அவர்முன் ஒரு பெரிய வினா எழுந்தது. உலர்த்திய செடிகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. அனைத்தையும் தாமே ஆராய்ந்து பெயரிட்டால் முழுப்புகழும் தமக்கே உரியதாகும். ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாள் அதற்குப் போதாது. அதற்குள் வங்காளத்தின் ஈரக்காற்றும் பூச்சிகளும் அவற்றை அழித்துவிடும். வாலிச் புகழைவிட அறிவையே பெரிதெனக் கொண்டார். 1828ஆம் ஆண்டு அத்தொகுப்பை லண்டனுக்குக் கொண்டுசென்று, பல நாட்டு அறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பங்கிட்டு வழங்கினார். அதற்கெனத் தம் கையெழுத்திலேயே கல்லச்சில் பதிப்பித்த எண்வரிசைப் பட்டியலில் 9,000க்கும் மேற்பட்ட எண்கள் உள்ளன. அப்பட்டியலின் முற்பகுதியில் அவர் வைத்தது பெரணிகளையே. ஹூக்கர், கிரெவில் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட பெரணிப் படநூலில் வாலிச் வழங்கியவையும் இடம்பெற்றன.

அவரே 1830 முதல் 1832 வரை ஆசியாவின் அரிய தாவரங்களைப் பற்றி மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அவற்றின் படங்களுள் பலவற்றை வரைந்தோர் விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்னும் இந்திய ஓவியர்கள்.

வாலிச்சின் முடிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அவருடைய முதன்மைத் தொகுப்பு இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது. இன்று அது கியூ தோட்டத்தில் உள்ளது. இந்தியச் செடியைப் பற்றி ஐயம் தோன்றினால் இந்திய ஆய்வாளர் கடல் கடந்து சென்று பார்க்க வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. பூச்சிக்கு இரையாகாமல் செடிகள் பிழைத்தன. எனினும் அவை பிறந்த மண்ணுக்கு எட்டாதனவாயின. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1846ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்ற வாலிச், 1854ஆம் ஆண்டு லண்டனில் காலமானார். கருமையான செதில்கள் போர்த்த இலைக்காம்புடைய இமயமலைப் பெரணி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூக்காத செடிக்கும் மதிப்பளித்தவருக்குப் பூக்காத செடியொன்று நினைவுச் சின்னமானது பொருத்தமே. அடுத்த மழையில் சுவரோரம் ஒரு பெரணியைக் கண்டால் அதனைப் பறித்தெறியாமல், இலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. பெரணியைச் சேகரிப்பது ஏன் கடினமானது? இரண்டு காரணங்கள் தருக.
2. பெயர் அறியப்படாத யாத்திரிகர் வாலிச்சின் பணிக்கு எவ்வாறு உதவினர்?
3. வாலிச் தம் தொகுப்பைப் பங்கிட்டு வழங்கியது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.