கண் வழங்கிய குரல்

காணும் பேறு பெற்றோர் பலர். தாம் கண்டதைக் காணாதவர்க்கும் காட்ட வல்லார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், அகில இந்திய வானொலியின் நேர்முக வருணனையாளராய் விளங்கிய மெல்வில் டி மெல்லோ ஆவார்.

ஆங்கிலோ இந்தியரான இவர் 1913-ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையில் பஞ்சாப் படைப்பிரிவில் அதிகாரியாய் இருந்து, பின்னர் அப்பணி துறந்து வானொலியிற் சேர்ந்தார். கம்பீரமும் தெளிவும் ஒருங்கே வாய்ந்த அவர்தம் ஆங்கிலக் குரல், பெரும் விளையாட்டு விழாக்களை நாடெங்கும் கொண்டு சென்றது.

விளையாட்டை வருணித்தல் எளிதன்று. பந்து ஒரு நொடியில் ஒருவரை விட்டு மற்றொருவரைச் சேரும். சொல்லும் அதனுடன் ஓடல் வேண்டும். பந்து எங்குளது, யாரிடத்தது, தடுப்பவர் யார், எஞ்சிய காலம் எத்துணை என்பவற்றைக் கூறாது வியப்புரைகளையே அடுக்கினால், கேட்போர்க்கு ஆரவாரம் கேட்குமேயன்றி ஆட்டம் புலப்படாது.

இக்கலையின் பெருஞ்சோதனை இவர்க்கு விளையாட்டரங்கில் நேர்ந்ததன்று. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் தில்லியில் சுடப்பட்டு மறைந்தார். மறுநாள் பிர்லா மாளிகையினின்று யமுனைக் கரைக்குச் சென்ற இறுதி ஊர்வலத்தை, வானொலி வண்டியிலிருந்தவாறே டி மெல்லோ ஏறத்தாழ ஏழு மணி நேரம் இடைவிடாது வருணித்தார். தம் துயரைக் காட்டுவதினும் மக்கள் துயரைக் காட்டுதலே தம் கடன் எனக் கொண்டார் போலும்.

1963-இல் பத்மஸ்ரீ விருதும், கீர்க் காட்டுச் சிங்கம் பற்றிய ஒலிச்சித்திரத்திற்காக 1964-இல் இத்தாலியப் பரிசும் இவரை நாடி வந்தன. விளையாட்டைப் புகழ்வதோடு அமையாது, இந்திய விளையாட்டின் பெருமையையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்து நூலும் எழுதினார். 1989-இல் மறைந்தார்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய வானம் பார்த்த பூமியில் எம். ரெட்டியபட்டி எம் ஊர். பெரிய மைதானங்களைக் கண்டிராத இத்தகைய ஊர்களுக்கே வருணனை மிகவும் வேண்டுவது. எனினும் டி மெல்லோவின் மொழி ஆங்கிலம். எம் முன்னோர் அன்று அவரைக் கேட்டிருப்பினும், பலர்க்குக் குரலின் துயரம் விளங்கியிருக்குமேயன்றிச் சொல் விளங்கியிராது.

இன்று தொலைக்காட்சியில் தமிழ் வருணனையே கேட்கின்றோம். படம் கண்முன் நிற்றலால் சொல்லின் பொறுப்புக் குறைந்தது என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. கண்ணிழந்தோரும், வேலை செய்துகொண்டே செவி கொடுப்போரும் இன்றும் உளர். அவர்களை நினைந்து பேசும் தமிழ்க் குரல் எதுவோ, அதுவே டி மெல்லோவின் வழிவந்த குரலாகும். தமிழ் பயிலும் நம்மில் ஒருவரேனும் அதனைப் பெற முயல்வோமாக.