கப்பலிலிருந்து குதித்த எழுத்தாளர்

எங்கள் இலக்கியக் கூட்டங்களில் ஐரோப்பிய எழுத்தாளர்களின் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. யதார்த்தவாதம் என்றால் பால்சாக், இயற்பண்புவாதம் என்றால் ஸோலா, சோஷலிஸ யதார்த்தவாதம் என்றால் கார்க்கி, இருத்தலியல் என்றால் சார்த்தரும் காம்யுவும். ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ஆனால், ஐரோப்பிய இலக்கிய இயக்கம் ஒன்றின் முன்னோடி, நாங்கள் வாழும் இதே மெல்பனுக்கு வந்து காலை முறித்துக்கொண்ட கதையைச் சொன்னால், நண்பர்கள் பலர் நம்புகிறார்களில்லை.

அவர் பெயர் எகோன் எர்வின் கிஷ். 1885 ஏப்ரல் 29 ஆம் திகதி பிராக் நகரில், ஜேர்மன் பேசும் யூதத் துணி வியாபாரி ஒருவரின் வீட்டில் பிறந்தவர். அவரைவிட இரண்டு வயது மூத்த காஃப்காவும் அதே நகரம், அதே மொழி, அதே சமூகம். கிஷ்ஷின் அண்ணன் பவுல், காஃப்காவின் பள்ளித்தோழர். ஒருவர் அறைக்குள் இருந்து மனிதனின் பயத்தை எழுதினார். மற்றவர் தெருவில் இறங்கி, அநாதை விடுதி, சிறைச்சாலை, மதுக்கடை என்று அலைந்து, பத்திரிகைக்கு எழுதினார். காஃப்காவை இன்றைக்கு உலகமே கொண்டாடுகிறது. தெருவில் அலைந்தவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது.

இளம் நிருபராக இருந்தபோது பிராக்கில் ஒரு மில் தீப்பற்றி எரிந்ததாம். எழுத ஒன்றும் கிடைக்காததால், அங்கே கூடிய வீடற்றவர்களைப் பற்றித் தானே ஒரு காட்சியைக் கற்பனை செய்து எழுதினாராம். மற்ற நிருபர்களெல்லாம் அதைப் பார்த்து அசந்துபோனார்களாம். பொய் எழுதுவது இவ்வளவு சுலபமென்றால், உண்மையை அதே சுவையோடு எழுதுவதுதான் பெரிய காரியம் என்று அன்றைக்கே தீர்மானித்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். இந்தக் கதையிலேயே எவ்வளவு கற்பனை கலந்திருக்கோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மனிதர் கதைசொல்லி அல்லவா!

1913 இல் ஆஸ்திரிய இராணுவத்தின் உளவுத்துறை அதிகாரி ரெடல் தற்கொலை செய்துகொண்டார். அவர் ரஷ்யாவுக்கு இரகசியங்களை விற்றவர் என்று கிஷ்ஷுக்குத் தெரியவந்தது. தணிக்கை இருந்ததால் நேரடியாக எழுதமுடியாது. என்ன செய்தார் தெரியுமா? அப்படியொரு வதந்தி உலாவுகிறது, அது உண்மையில்லை என்று மறுப்புச் செய்தியாகவே போட்டுவிட்டார். விஷயம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. தணிக்கையின் கீழ் பத்திரிகை வாசித்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை விளக்கத் தேவையில்லை.

முதல் உலகப்போருக்குப் பிறகு ஜேர்மன் இலக்கியத்தில் ஒரு திருப்பம். உணர்ச்சி கொந்தளிக்கும் எக்ஸ்பிரஷனிசம் அலுத்துப்போய், உள்ளதை உள்ளபடி பார்க்கவேண்டும் என்ற ‘புதிய புறநிலைவாதம்’ எழுந்தது. அந்தக் காலத்தில் பேர்லினில் இருந்த கிஷ், தன் செய்திக்கட்டுரைகளைத் தொகுத்து ‘வெறிபிடித்து ஓடும் நிருபர்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். செய்திக்கட்டுரையும் இலக்கியமே என்று பலரை ஒப்புக்கொள்ள வைத்த நூல் அது. ரிப்போர்ட்டாஜ் என்ற வடிவத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நம்மவர்களில் வ.ரா.வின் நடைச்சித்திரங்களையும் ஏ.கே. செட்டியாரின் பயண எழுத்தையும் வாசித்தவர்களுக்கு இந்த ருசி புரியும்.

1933 இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்த மறுநாளே கிஷ் கைதானார். ஸ்பாண்டாவ் சிறையில் அடைத்து, பிறகு செக் குடிமகன் என்பதால் நாடுகடத்தினார்கள். அந்த வருஷம் மே மாதம் எரித்த புத்தகக் குவியலில் அவர் நூல்களும் இருந்தன.

அடுத்த வருஷம் மெல்பனில் போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான மாநாட்டுக்கு அழைப்பு. ஸ்ட்ரத்எயார்ட் கப்பலில் வந்தவரை, பிரீமாண்டிலில் இறங்க விடவில்லை. அப்போது சட்டமா அதிபராக இருந்தவர் பிற்காலப் பிரதமர் மென்சிஸ். கப்பல் போர்ட் மெல்பனுக்கு வந்தது. 1934 நவம்பர் 13 ஆம் திகதி, ஏறக்குறைய 50 வயதான, கொஞ்சம் பருமனான அந்த மனிதர், மேல்தளத்திலிருந்து ஐந்தரை மீற்றர் கீழே துறைமேடையில் குதித்தார். கால் முறிந்தது. பொலிஸார் அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் திரும்பவும் கப்பலில் போட்டார்கள்.

சிட்னியில் நீதிபதி எவாட் அவரை விடுவித்தார். இறங்கியதும் பொலிஸார் பிடித்து, அந்தப் பேர்போன சொல்வதெழுதல் பரீட்சையை வைத்தார்கள். 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிக்க, வந்தவர் எழுதவேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். வெள்ளையர் அல்லாதவர்களை வடிகட்ட வைத்த சல்லடை அது. 1909 க்குப் பிறகு ஒருவர்கூட அதில் தேறவில்லை. ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கு இரவிரவாகப் படித்து வந்தவர்களே, எங்களுக்காவது எந்த மொழி என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது!

கிஷ்ஷுக்கோ ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். ஆகவே தேடிப்பிடித்து ஸ்கொட்டிஷ் கேலிக் மொழியில் வைத்தார்கள். அவர் எழுதவில்லை. ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு. மேன்முறையீட்டில், டிசம்பர் 19 ஆம் திகதி, உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், அந்தச் சட்டத்தின் அர்த்தத்தில் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழி அல்ல என்று சொன்னார்கள். கிஷ் தப்பினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் இடறுகிறது. ஒரு மனிதனுக்கு விடுதலை கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் அதற்காக, நூற்றாண்டுகளாகப் பாட்டும் கதையுமாக வாழ்ந்த ஒரு மொழி, பேசுவோர் தொகை சுருங்கிவிட்டது என்பதால் கணக்கில் சேராமல் போயிற்று. ஸ்கொட்லாந்து வம்சாவளியினர் கொதித்தெழுந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கொதிப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போகிற எவருக்கும் விளங்கும்.

ஊன்றுகோலோடு சிட்னி டொமைன் பூங்காவில் அவர் பேசியபோது ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அரசாங்கம் வரவேண்டாம் என்று துரத்தாவிட்டால், ஒரு மாநாட்டு மண்டபத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். வழக்குகள் இழுபட்டு, கடைசியில் சமரசமாகி, 1935 மார்ச்சில் புறப்பட்டார். இந்த அனுபவங்களை 1937 இல் ஒரு நூலாக எழுதினார். ஆங்கிலத்திலும் அதே வருஷம் வந்துவிட்டது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். அவுஸ்திரேலிய வரலாற்றைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. நிருபருக்குப் பக்கச்சார்பு கூடாது என்று தொடங்கியவர், முழுக் கம்யூனிஸ்டாகி, சோவியத் நாட்டைப் பற்றி எழுதும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். ஸ்டாலினின் களையெடுப்புகள் பற்றி அந்த வெறிபிடித்த நிருபர் வாய்திறக்கவில்லை. தன் பக்கத்துத் தவறுகளை எழுதுவது எந்த நிருபருக்கும் கடினம். எங்கள் போர்க்கால எழுத்துகளைப் படிக்கும்போதும் இதுவே என் மனக்குறை. கவிதை உண்டு, நாவல் உண்டு. எல்லாப் பக்கமும் பார்த்த செய்தி இலக்கியம் குறைவு.

பிறகு ஸ்பானிய உள்நாட்டுப்போர், பாரிஸ், அங்கிருந்து தப்பி மெக்சிக்கோ. 1946 இல் பிராக் திரும்பினார். 1948 மார்ச் 31 ஆம் திகதி அங்கேயே காலமானார். அவரைத் தடுத்த அந்த 50 சொல் பரீட்சை, அதன்பிறகும் பத்து வருஷம் உயிரோடு இருந்தது.