ரான்ஃப்ற் பள்ளத்தாக்கின் துறவி

லுசேர்ணிலிருந்து இன்ரர்லாக்கன் செல்லும் புகையிரதத்தில் எம்மவர் பலர் சக்ஸெல்ன் என்ற சிற்றூரைக் கடந்திருப்பர். அவ்வூர்த் தேவாலயத்தில் துயில்பவர் நிக்லவுஸ் வொன் ஃப்ளூவே. சுவிஸ் மக்கள் அவரைச் சகோதரர் கிளவுஸ் என அன்புடன் அழைப்பர்.

1417ஆம் ஆண்டு உழவர் குடியில் பிறந்த அவர் எழுத வாசிக்க அறியாதவர். போர்க்களம் கண்டவர், ஒப்வால்டன் மாநிலத்தின் சபை உறுப்பினராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். உடனிருந்த நீதிபதிகள் அநீதியாகத் தீர்ப்பளித்ததைப் பொறாது பதவி துறந்தார் என்பர். 1467 ஒக்ரோபர் 16ஆம் நாள், தமது ஐம்பதாவது வயதில், மனைவி டொறோத்தியாவின் இசைவுடன் இல்லறத்தையும் துறந்தார். பிள்ளைகள் பத்துப் பேர். கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. துறவியின் பெருமை பேசுவோர் அந்த அம்மையார் சுமந்த பாரத்தை மறந்துவிடுவது நியாயமன்று.

பாசல் திசையாக நடந்தவர் இடைவழியில் திரும்பி, சொந்த வீட்டுக்கு மிக அண்மையிலிருந்த ரான்ஃப்ற் பள்ளத்தாக்கிலே தங்கினார். தீர்ப்புக் கூறும் ஆசனத்தை விட்டவரிடம் வழக்குகள் தாமாகவே தேடி வந்தன. உழவரும் வந்தனர்; வேற்றரசரின் தூதரும் வந்தனர். எப்பக்கமும் சாராது, பதவியும் பொருளும் வேண்டாது இருந்தவரிடம் இரு தரப்பாரும் மனந்திறந்து பேச முடிந்தது.

பேர்கண்டி அரசுடனான போர் 1477இல் வெற்றியாக முடிந்தபின், வென்றவர்களே தம்முள் பகைத்தனர். போரில் கிடைத்த பொருளை எவ்வாறு பங்கிடுவது? ஃபிறைபூர்க், சொலத்தூர்ண் ஆகிய நகரங்களைக் கூட்டமைப்பில் சேர்ப்பதா? நகரங்களின் கை ஓங்கிவிடுமென்று மலைநாட்டார் அஞ்சினர். 1481 டிசம்பரில் ஸ்ரான்ஸ் நகரில் கூடிய பேச்சுவார்த்தை முறியும் நிலைக்கு வந்தது. அவ்வூர்ப் பங்குக் குரு ஹைனி அம்குறுண்ட் இரவோடிரவாக ரான்ஃப்ற் சென்று துறவியிடம் நிலைமையை எடுத்துரைத்தார். விடிந்ததும் வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி, பிரியவிருந்த பிரதிநிதிகளை மீண்டும் ஒன்றுகூட்டினார்.

டிசம்பர் 22ஆம் நாளே உடன்பாடு பிறந்தது. கைப்பற்றிய பொருள்களைப் படைவீரர் தொகைக்கேற்பவும் நிலங்களை மாநிலங்களுக்குச் சமமாகவும் பங்கிடுவதென முடிவாயிற்று. அவ்விரு நகரங்களும் சேர்க்கப்பட்டன.

துறவி சொல்லியனுப்பியது என்ன? அப்போது ஸ்ரான்ஸில் இருந்த லுசேர்ண் வரலாற்றாசிரியர் டீபோல்ட் ஷில்லிங்கின் நூலிலும் அச்செய்தி இல்லை. இரகசியம் இரகசியமாகவே போயிற்று.

1487 மார்ச் 21ஆம் நாள் அவர் காலமானார். 1947இல் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். பிற்கால ஓவியர் சிலர் அவரை ஸ்ரான்ஸ் சபையின் நடுவே நிறுத்திக் கையுயர்த்திப் பேசுபவராக வரைந்துள்ளனர். அவரோ அச்சபைக்குச் செல்லவேயில்லை.