ஹியூ கிளெக்கார்ன்

ஹியூ கிளெக்கார்ன் (ஆகஸ்ட் 9, 1820 – மே 16, 1895) சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற இவர், 1842 இல் கிழக்கிந்திய நிறுவனத்தின் பணியில் சேர்ந்தார்.

1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையிலான தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இவர் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மாகாணத்தின் காடுகளை நேரில் சுற்றி ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கைகள் அளித்தார். தண்டவாளச் சிலீப்பர் கட்டைகளுக்காகவும் விறகுக்காகவும் மரங்கள் பெருமளவில் வெட்டப்படுவதைச் சுட்டிக்காட்டி, வெட்டுதலைக் கட்டுப்படுத்த முயன்றார். இவ்வறிக்கைகள் 1861 இல் நூலாக வெளிவந்தன.

மலைவாழ் மக்களின் குமரி வேளாண்மையும் காடழிவுக்குக் காரணம் எனக் கருதி அதனை எதிர்த்தார். அதன்மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் அம்மக்களின் வாழ்வாதாரத்தைப் பாதித்தன. இரயில் பாதைகளோ தொடர்ந்து நீண்டன.